பெட்டி வீட்டின் அடக்க விலை என்ன?

கொள்முதல் விலை வேறு, அடக்க விலை வேறு. இதை நம் வணிகர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. விருதுநகரில் கேட்ட பருப்பு விலையை அப்படியே வைத்துக்கொண்டு தூத்துக்குடிக் கடையில் விலைப்பட்டியல் போடுபவர் எவரும் இல்லை. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, எடைக்குறைவு, சேதாரம், பணம் முடங்கிய நாட்களுக்கு வட்டி என்று எல்லாவற்றையும் கூட்டிய பிறகே ‘இதுதான் அடக்கம்’ என்று சொல்கிறோம். அதற்கு மேல்தான் லாபம்.

ஆனால் அதே வணிகர் தமக்கு ஒரு சிறு வீடு அமைத்துக்கொள்ளப் புறப்படும்போது இந்தப் பழக்கத்தை ஏனோ கடையிலேயே விட்டுவிட்டுப் போகிறார். ‘ஆறு லட்சம் ரூபாய்க்கு முழு வீடு, ஒரே மாதத்தில் குடிபோகலாம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் ஆறு லட்சத்தைத் தயார் செய்கிறார். பெட்டி வந்து இறங்கிய பிறகு மீதிச் செலவுகள் ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டுகின்றன. அப்போது பணம் எங்கிருந்து வருகிறது? கல்லாவிலிருந்து. தீபாவளிச் சரக்குக்கு வைத்திருந்த பணம் செப்டிக் டேங்குக்குப் போகிறது.

நம் கடற்கரைக்கு இது புதிய பாடம் அல்ல. 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரை, இங்கே சிப்பிகள் மூடியபடியே ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்பட்டன. ஏலம் எடுத்தவர் கொடுத்தது சிப்பிக்கான விலை மட்டுமே. அதை அழுக வைத்து, கழுவி, சலித்து, தரம் பிரித்து எடுக்கும் செலவு முழுவதும் ஏலத்திற்குப் பிறகு வருவது. அந்தச் செலவையும் கணக்கில் வைத்து ஏலம் கேட்டவர்களே அந்தத் தொழிலில் நிலைத்தார்கள். தொழிற்சாலையில் தயாராகி லாரியில் வரும் ஆயத்த வீட்டையும் அப்படித்தான் கணக்கிட வேண்டும். அதற்கான வழியை இக்கட்டுரையில் வரிசையாகப் பார்ப்போம்.

எதை வாங்குகிறோம்?

சந்தையில் ‘ரெடிமேட் வீடு’, ‘கேபின்’, ‘கண்டெய்னர் வீடு’ என்று பல பெயர்களில் விற்கப்படுபவை பொதுவாக மூன்று வகைப்படும். முதலாவது, கப்பலில் ஓடிய பழைய கண்டெய்னரை வெட்டி, கதவு ஜன்னல் வைத்து, உட்புறம் பலகை அடித்துத் தருவது. இரண்டாவது, இரும்புச் சட்டத்தில் புதிய தகடும் நடுவே வெப்பத்தடுப்பும் கொண்ட ‘பஃப் பேனல்’ பொருத்திச் செய்யும் கேபின். மூன்றாவது, தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் சுவர்களையும் தளங்களையும் மனைக்குக் கொண்டுவந்து கோர்ப்பது.

மூன்றாவது வகை பெரிய திட்டங்களுக்கே பெரும்பாலும் கட்டுபடியாகும். சென்னை பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் ‘லைட் ஹவுஸ்’ திட்டத்தில் இம்முறையில் 1,152 வீடுகள் 116 கோடி ரூபாயில் கட்டப்பட்டு 2022 மே மாதம் திறக்கப்பட்டன. சராசரியாக வீடு ஒன்றுக்கு ஏறத்தாழ 10 லட்சம் ரூபாய். ஆயிரம் வீடுகளுக்கு ஒரே அச்சு என்பதால் அந்தச் செலவில் முடிந்தது. ஒற்றை வீட்டுக்கு அந்த அச்சும் பெரிய கிரேனும் கட்டுபடியாகாது.

தூத்துக்குடியில் அதிகம் பேசப்படுவது முதல் வகை. காரணம் வெளிப்படை. 1999-இல் இங்கே தனியார் கண்டெய்னர் முனையம் வந்தது. 2014-இல் இரண்டாவதும், 2024 செப்டம்பரில் மற்றொன்றும் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் செயல்பாட்டுக்கு வந்தன. கண்டெய்னர் நமக்குத் தினமும் பார்க்கும் பொருள். எனவே ‘பக்கத்தில்தானே கிடைக்கிறது, மலிவாகத்தான் இருக்கும்’ என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. பொருள் பக்கத்தில் இருப்பதால் குறைவது வண்டி வாடகை மட்டுமே. மற்றச் செலவுகள் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

சதுர அடியில் ஒரு கவனம்

விற்பவர் சொல்லும் அளவு வெளி அளவு. நாம் வாழப்போவது உள் அளவில். 40 அடி நீளமும் ஒன்பதரை அடி உயரமும் கொண்ட பெரிய கண்டெய்னரின் வெளிப்பரப்பு 320 சதுர அடி. அதன் உள் அகலம் ஏழு அடி எட்டு அங்குலம் மட்டுமே. நம் ஊர் வெயிலுக்கு வெப்பத்தடுப்பும் அதன்மேல் பலகையும் அடித்தால் பக்கத்துக்கு மூன்று அங்குலமாவது போய்விடும். மிஞ்சுவது ஏழு அடி இரண்டு அங்குல அகலம். சுமார் 280 சதுர அடி.

ஆறு லட்சம் ரூபாயை 320-ஆல் வகுத்தால் சதுர அடி 1,875 ரூபாய். 280-ஆல் வகுத்தால் 2,143 ரூபாய். இன்னும் ஒரு செலவும் சேரவில்லை. அளவை மட்டும் சரியாக எடுத்தோம். துணிக்கடையில் சாயம் போட்டு அலசிய பிறகு எத்தனை மீட்டர் நிற்கும் என்று கேட்பதைப் போல இங்கும் கேட்க வேண்டும்.

ஏழு அடி அகலத்தில் கட்டில் போட்டால் பக்கத்தில் நடக்க எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதைத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. வீட்டில் உள்ள பெரியவர்களையும் பெண்களையும் அந்தக் கோட்டுக்குள் நடக்கச் சொல்லுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

பெட்டியின் பூர்வீகம்

பழைய கண்டெய்னர் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, காகிதத்தை. வெளிநாட்டிலிருந்து சரக்குடன் வரும் கண்டெய்னர்களுக்கு, ஆறு மாதத்திற்குள் திரும்ப ஏற்றுமதி செய்யப்படும் என்ற நிபந்தனையின் பேரில் சுங்கவரி விலக்கு உண்டு. 1994 மார்ச் மாதம் வந்த சுங்க அறிவிக்கை அது. ஆகவே, அப்படி வந்த பெட்டியை உள்நாட்டில் விற்க வேண்டுமானால் அதற்குரிய வரி செலுத்தப்பட்டிருக்க வேண்டும். வரி செலுத்தியதற்கான ‘பில் ஆஃப் என்ட்ரி’ நகலை வாங்கிப் பாருங்கள். நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட கண்டெய்னர் எண் அந்தக் காகிதத்திலும் பெட்டியின் மீதும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊரில் கஸ்டம்ஸ் புரோக்கர் நண்பர் இல்லாத வணிகர் குறைவு. அவரிடம் ஒரு முறை காட்டினால் போதும்.

கதவில் ஓர் உலோகத் தகடு பதித்திருப்பார்கள். பெட்டி செய்யப்பட்ட ஆண்டும் மாதமும் அதில் இருக்கும். தரைப் பலகைக்கு அடித்த பூச்சிமருந்தின் விவரமும் கதவுப் பகுதியில் குறிக்கப்படுவது வழக்கம். கப்பல் கண்டெய்னரின் தரை, கறையானும் வண்டும் அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய பிளைவுட். சரக்குக்கு அது பாதுகாப்பு. ஆனால் குழந்தைகள் தவழும் தரை அதுவாக இருக்கலாகாது. பழைய பலகையை எடுத்துவிட்டுப் புதியது போடுவதற்கோ, மேலே மூடித் தளம் போடுவதற்கோ ஆகும் செலவு விலைக்குள் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

வரி எங்கே நிற்கிறது?

ஆயத்த இரும்புக் கேபின்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். விளம்பரத்தில் சொல்லும் விலையில் இது பெரும்பாலும் சேராது. ஆறு லட்சத்துக்கு 1,08,000 ரூபாய்.

இங்கே நம் உறுப்பினர்கள் சிலருக்கு ஓர் ஆசை வரும். ‘கடை பெயரில் பில் போட்டு உள்ளீட்டு வரியை எடுத்துக்கொள்ளலாமே’ என்பதே அது. சொந்த உபயோகத்திற்கு வாங்கிய பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அசையாச் சொத்தைத் தம் கணக்கில் கட்டுவதற்கும் அது பொதுவாகத் தடுக்கப்பட்டுள்ளது. பின்னாளில் வட்டியும் அபராதமும் கட்டுவதைவிட, 18 சதவீதம் முழுவதையும் செலவு என்றே எழுதிக்கொள்வது நல்லது. கடை அலுவலகத்துக்கான கேபினாக இருந்து, எடுக்கலாம் என்று ஆடிட்டர் சொன்னால் அதை மிச்சமாகக் கருதுங்கள்.

வண்டி, கிரேன், மின்கம்பி

40 அடிப் பெட்டி டிரெய்லரில்தான் வரும். டிரெய்லரின் மேல் வைத்தால் தரையிலிருந்து பதினான்கு அடிக்கு மேல் உயரம் நிற்கும். துறைமுகச் சாலையிலும் புறவழிச்சாலையிலும் பிரச்சினை இல்லை. டபிள்யூ.ஜி.சி. ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் பழைய சந்துகளில் வண்டி திரும்புமா? தெருவின் குறுக்கே போகும் மின்கம்பியும் கேபிள் வயரும் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன? மனைக்குப் பக்கத்தில் கிரேன் கால் ஊன்ற இடம் உண்டா? இவற்றை முன்கூட்டியே பார்க்காவிட்டால், வண்டி தெருமுனையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் டிரெய்லர் வாடகையும் கிரேன் வாடகையும் இரட்டையாக ஓடும். நெருக்கமான தெருவில் மனை உள்ளவர்கள் 20 அடிப் பெட்டி இரண்டாக வாங்குவதா, தகடுகளைத் தனித்தனியாகக் கொண்டுவந்து மனையிலேயே கோர்க்கும் கேபினை வாங்குவதா என்று யோசிக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு நகர்ந்தால் இ-வே பில் வேண்டும் என்பது நமக்குத் தெரிந்ததே. பெட்டி வீட்டுக்கும் அதே விதிதான்.

நிலமும் அனுமதியும்

‘சிமெண்டு போடவில்லை, தூக்கிக்கொண்டு போகலாம், ஆகவே அனுமதி வேண்டாம்’ என்று சில விற்பனையாளர்கள் சொல்வார்கள். நம்ப வேண்டாம். கட்டடம் என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளில் செங்கல், மரம், மண், உலோகம் எல்லாமே அடங்கும். குடியிருக்கப் போகும் பெட்டிக்கு 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொருந்தும் என்று கருதியே திட்டமிட வேண்டும். தெருவிலிருந்தும் பக்கத்து மனையிலிருந்தும் விட வேண்டிய இடைவெளியும் அதில் சேரும்.

நல்ல செய்தியும் உண்டு. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு, உரிமையாளரின் சுயசான்றின் பேரில் இணையம் வழியே உடனடி அனுமதி தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கியது. சிறு வீட்டுக்கு இது வசதி. ஆனால் மனை அங்கீகாரம் பெற்றதாக, பட்டாவும் வில்லங்கச் சான்றும் சரியாக இருப்பதாக இருக்க வேண்டும். மனையை இனிமேல்தான் வாங்க வேண்டுமென்றால் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதத்தைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள்.

கடற்கரையை ஒட்டி இடம் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கடலின் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 1991-இல் வந்த இக்கட்டுப்பாடு 2011-லும் 2019-லும் திருத்தப்பட்டாலும் நீங்கவில்லை. கழிமுகம், கடல்நீர் ஏறும் ஓடைகளின் கரைகளுக்கும் இது பொருந்தும். உப்பளத்துக்குள் காவலர் குடியிருப்புக்காகப் பெட்டி வைப்பவர்களும் முதலில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அனுமதியில்லாமல் வைத்து, பின்பு அகற்றும் உத்தரவு வந்தால் கிரேன் செலவு இரண்டாம் முறையும் நம் தலையில்தான்.

அஸ்திவாரம்: வெள்ளத்தை நினைவில் வையுங்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டில் பெய்ய வேண்டிய மழையைவிட அது அதிகம். தூத்துக்குடி மாநகரின் பல பகுதிகளில் தண்ணீர் நாள் கணக்கில் வடியவில்லை. கடைகளிலும் கிடங்குகளிலும் சரக்கு நனைந்து நஷ்டப்பட்டவர்கள் நம்மில் பலர்.

அந்த வெள்ளத்தில் ஒரு பெட்டி வீடு என்ன ஆகும்? காலிப் பெட்டியின் எடை சுமார் 3.9 டன். பலகை, கதவு, கழிப்பறை, கட்டில் எல்லாம் சேர்த்து 7 டன் என்று வைப்போம். அதன் அடிப்பரப்பு சுமார் 29.7 சதுர மீட்டர். ஒவ்வொரு சென்டிமீட்டர் தண்ணீரும் அதை ஏறத்தாழ 297 கிலோ அளவுக்கு மேலே தூக்கும். கணக்குப் போட்டால், உள்ளே நீர் புகாத நிலையில், பெட்டியின் அடிமட்டத்துக்கு மேல் 24 சென்டிமீட்டர், அதாவது பத்து அங்குலத்துக்கும் குறைவான தண்ணீர் ஏறினாலே பெட்டி மிதக்கத் தொடங்கும். குழாய்களும் மின் வயரும் அறுந்துபோகும்.

எனவே ‘நான்கு கல் வைத்து உட்கார வைத்துவிடலாம்’ என்பது நம் ஊருக்குப் பொருந்தாது. 2023-இல் அந்தத் தெருவில் தண்ணீர் நின்ற உயரத்தைப் பக்கத்து வீட்டுச் சுவரில் கேட்டு அளந்து, அதற்கு மேல் கான்கிரீட் தூண் எழுப்பி, பெட்டியின் நான்கு மூலைகளையும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். கண்டெய்னரின் பலம் முழுவதும் மூலைத் தூண்களில் இருப்பதால் தாங்கலும் அங்கேதான் வர வேண்டும். தூண் உயர்ந்தால் படியும் உயரும். வயதானவர்கள் இருந்தால் சாய்தளமும் கைப்பிடியும் சேரும். கான்கிரீட்டுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. கம்பி உள்ளே துருப்பிடித்து இரண்டொரு ஆண்டுகளில் வெடிப்பு காணும். நல்ல தண்ணீர் லாரிக்கும் ஒரு தொகை எழுதுங்கள்.

கடை மாடியில் வைக்க நினைப்பவர்கள் கட்டாயம் பொறியாளரைக் கேட்க வேண்டும். ஆட்கள் நடமாடும் சாதாரண மொட்டை மாடிக்கு இந்தியத் தரவிதி எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. நம் 7 டன் பெட்டியைப் பரப்பால் வகுத்தால் 236 கிலோ வருகிறது. அதுவும் பரவலாக அல்ல. மூலைக்கு 1,750 கிலோவாக நான்கு இடங்களில் அழுத்தும். கீழே கடையும் சரக்கும் வேலையாட்களும் இருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

உப்புக் காற்றும் வெயிலும்

கண்டெய்னர் தகடு ‘கார்ட்டன்’ எனப்படும் தனி வகை இரும்பு. உள்நாட்டில் அதன்மேல் படியும் மெல்லிய துரு, மேற்கொண்டு துருவேறாமல் தடுக்கும் கவசமாகிவிடும். ஆனால் உப்புக் காற்று வீசும் இடத்தில் அந்தக் கவசம் சரியாக உருவாவதில்லை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பளம் என்று இருக்கும் நம் ஊரில் பெயிண்ட்தான் கவசம். கப்பல் கம்பெனி அடித்த பெயிண்ட், ஜன்னலுக்காக வெட்டிய இடத்திலும் வெல்டிங் வைத்த இடத்திலும் போய்விடுகிறது. துரு அங்கேதான் ஆரம்பிக்கும். வெட்டிய விளிம்புகளுக்குத் துத்தநாகப் பூச்சும் எபாக்சி பெயிண்டும் உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சுவரை வெட்டும்போது பலம் குறைவதால் ஒவ்வொரு திறப்பைச் சுற்றியும் இரும்புச் சட்டம் வைப்பதும் அவசியம்.

பராமரிப்பைத் தவணையாக நினைப்பது எளிது. மூன்றாண்டுக்கு ஒரு முறை துரு நீக்கிப் பெயிண்ட் அடிக்க 45,000 ரூபாய் ஆகும் என்று வைத்தால், மாதம் 1,250 ரூபாய் ஒதுக்க வேண்டும். வீட்டு வாடகை மிச்சம் என்று சொல்லும்போது இதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

வெயிலுக்கு உட்புற வெப்பத்தடுப்பு மட்டும் போதாது. பெட்டிக்கு மேல் ஓர் அடி இடைவெளி விட்டு, காற்றோட்டமாகத் தகட்டுக் கூரை போட்டால் நேர்வெயில் பெட்டியில் படாது. மழைச் சத்தமும் குறையும். இதைச் செய்யாதவர்கள் அந்தப் பணத்தை ஒவ்வொரு கோடையிலும் ஏ.சி. மின்கட்டணமாகக் கட்டுவார்கள்.

இவற்றுடன் மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, செப்டிக் டேங்க், தமிழ்நாட்டில் 2003 முதல் வலியுறுத்தப்பட்டு வரும் மழைநீர் சேகரிப்பு ஆகியவையும் வர வேண்டும். இரும்பு வீட்டில் நில இணைப்பும் மின்கசிவைத் துண்டிக்கும் கருவியும் உயிர் காக்கும் செலவு. அதில் சிக்கனம் வேண்டாம்.

மாதிரிக் கணக்கு

கீழே உள்ளவை சந்தை விலைகள் அல்ல. கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்ட தொகைகள். நீங்கள் வாங்கும் எழுத்து மூலமான விலைப்புள்ளிகளை இதே இடங்களில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

பெட்டியின் விலை – ரூ. 6,00,000
ஜி.எஸ்.டி. 18 சதவீதம் – ரூ. 1,08,000
டிரெய்லர், கிரேன் – ரூ. 40,000
அஸ்திவாரத் தூண், போல்ட் – ரூ. 60,000
மின்சாரம், குடிநீர், செப்டிக் டேங்க் – ரூ. 1,20,000
மேல் நிழற்கூரை – ரூ. 60,000
மண் நிரப்பல், படி, வடிகால் – ரூ. 42,000
வரைபடம், அனுமதிக் கட்டணங்கள் – ரூ. 30,000
கூட்டுத்தொகை – ரூ. 10,60,000
எதிர்பாராச் செலவுக்கு 10 சதவீதம் – ரூ. 1,06,000
அடக்கம் – ரூ. 11,66,000

மனை விலை இதில் இல்லை. ஆறு லட்சத்து வீட்டின் அடக்கம் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிவிட்டது. 280 சதுர அடிக்கு வகுத்தால் சதுர அடி 4,164 ரூபாய். இதில் எந்த வரியும் ஆடம்பரம் அல்ல. எதை நீக்கினாலும் வீடு முழுமையாகாது.

கடை முதலைத் தொடாதீர்கள்

இந்தக் கட்டுரையின் சாரமே இந்தப் பகுதிதான். ஆறு லட்சம் மட்டும் தயார் செய்தவருக்கு 5,66,000 ரூபாய் குறைகிறது. அதைக் கடையிலிருந்து எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் முதல் ஆண்டுக்கு ஆறு முறை சுழல்கிறது, ஒவ்வொரு சுழற்சியிலும் ஐந்து சதவீதம் நிற்கிறது என்றால், எடுத்த ஒவ்வொரு லட்சத்துக்கும் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வருமானம் குறையும். 5,66,000-க்கு ஆண்டுக்கு 1,69,800 ரூபாய். இது எந்த வங்கி வட்டியையும்விடக் கடுமையான வட்டி. அலமாரி காலியாகத் தெரிந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். மொத்த வியாபாரிக்குத் தவணை தவறினால் நாணயம் கெடும். அவற்றைக் கணக்கில் எழுத முடியாது.

வீட்டுக் கடன் நம்பியிருப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே வங்கியைக் கேளுங்கள். பதிவான மனையும் அனுமதி பெற்ற கட்டடமும் அடமானமாக இருந்தால்தான் பேச்சு எளிது. வாடகை மனையில் வைத்த இரும்புப் பெட்டிக்கு வீட்டுக் கடன் கிடைப்பது கடினம்.

எப்போது இது லாபம்?

இவ்வளவும் சொன்னதால் பெட்டி வீடே கூடாது என்று பொருளல்ல. வேகம் இதன் பெரிய பலம். செங்கல் வீட்டுக்கு ஆகும் காலத்தில் ஆறு மாதம் மிச்சமாகி, மாத வாடகை 8,000 ரூபாயும் மிச்சமானால் 48,000 ரூபாய் வரவில் எழுதலாம். சில ஆண்டுகளில் இடம் மாற வேண்டியவர்கள், உரிமையாளர் சம்மதத்துடன் குத்தகை நிலத்தில் இருப்பவர்கள், கிடங்குக் காவலருக்கு இடம் தேவைப்படுபவர்கள் ஆகியோருக்கு எடுத்துச் செல்லக்கூடிய வீடு பொருத்தமானது. நிரந்தரமாக ஒரே மனையில் குடும்பத்துடன் இருக்கப் போகிறவர் சாதாரண வீட்டுக்கும் ஒரு விலைப்புள்ளி வாங்கி, இரண்டையும் அடக்க விலையில் ஒப்பிட வேண்டும். தமிழக அரசின் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் ஊரகப் பகுதியில் 360 சதுர அடி வீட்டுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 3.50 லட்சம் ரூபாய். சொந்த மனையில் பயனாளியே நின்று கட்டும் வீடு அது. நகரத்தில் அந்தத் தொகை போதாது. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல்.

ஆயத்த வீடுகளின் செலவு மதிப்பீட்டைத் தாண்டுவது உலகெங்கும் கண்டதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில், 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தற்காலிக வீடுகள் தொழிற்சாலைகளில் செய்து அமைக்கப்பட்டன. செலவு முதல் மதிப்பீட்டைத் தாண்டியது. பத்தாண்டுகளுக்கு என்று வைத்த வீடுகள் சிலவற்றில் மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார்கள். தற்காலிகம் என்று நினைத்து வாங்குவது நிரந்தரமாகிவிடக்கூடும். பூச்சிலும் அஸ்திவாரத்திலும் மிச்சம் பிடிக்கலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கையெழுத்துப் போடுமுன்

1. விலைப்புள்ளியை வரி, வண்டி, கிரேன், பொருத்துதல் என்று தனித்தனியாகப் பிரித்து எழுத்தில் வாங்குங்கள். ‘எல்லாம் சேர்த்து’ என்ற வார்த்தையை ஏற்காதீர்கள்.

2. உள் அளவைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

3. கண்டெய்னர் எண், தயாரித்த ஆண்டு, சுங்கக் காகிதம் மூன்றையும் பாருங்கள்.

4. உட்புறப் பலகை அடிக்கும் முன்பு பட்டறைக்கே சென்று வெல்டிங்கையும் துருவையும் பாருங்கள். பலகை மூடிய பிறகு ஒன்றும் தெரியாது.

5. தொகையை முன்பணம், பட்டறைச் சோதனை, மனையில் இறக்கியது, பொருத்தி முடித்தது என்று பிரித்துக் கொடுங்கள். பத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, வடகிழக்குப் பருவமழை ஒன்று பெய்து ஓய்ந்து, ஒழுகல் இல்லை என்று கண்ட பிறகு கொடுங்கள். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

6. காப்பீட்டு நிறுவனத்திடம் இரும்புப் பெட்டி வீட்டை ஏற்பார்களா, வெள்ளச் சேதம் அடங்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டுக் காப்பீட்டில் வெள்ளமும் சேரும்.

7. அடக்கம் முழுவதும் கையில் இருந்தால், அல்லது கடன் உறுதியாகியிருந்தால் மட்டும் முன்பணம் கொடுங்கள். இல்லையெனில் 20 அடிப் பெட்டியுடன் தொடங்குங்கள், அல்லது ஒரு வருடம் பொறுத்திருங்கள்.

கடையில் ஒரு மூட்டைச் சரக்குக்குப் போடும் கணக்கை வீட்டுக்கும் போடச் சொல்கிறோம், அவ்வளவே. ஒரு மாலை நேரத்தில் வீட்டாருடன் உட்கார்ந்து இந்தப் பட்டியலைத் தாளில் எழுதிப் பாருங்கள். எழுதி முடித்த பிறகும் தொகை கைக்கு அடங்கினால், தாராளமாக வாங்குங்கள்.